சார்ஜ் என்னும் சுமை



இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அது ஆங்கிலச் சொல். ஆனால் நீங்கள் தினமும் சொல்லும் சொல்தான். 'சார்ஜ்' என்பதே அந்தச் சொல்.

"போனில் சார்ஜ் இல்லை" என்கிறோம். "பஸ் சார்ஜ் ஏறிவிட்டது" என்கிறோம். "லத்தி சார்ஜ் நடந்தது" என்று செய்தியில் கேட்கிறோம். போனுக்குள் போவது மின்சாரம். கண்டக்டரிடம் கொடுப்பது பணம். லத்தியால் கிடைப்பது அடி. மூன்றுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

இந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. பழைய காலத்தில் ரோம் நகரத்தார் பேசிய மொழி அது. அதில் 'கார்ரஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு அதிலிருந்து ஒரு சொல் பிறந்தது. அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, சார்ஜ் என்றால் முதலில் சுமை ஏற்றுதல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பேட்டரியில் மின்சாரத்தை ஏற்றுகிறோம். பயணியின் மேல் கட்டணம் ஏறுகிறது. ஒருவர் 'இன்சார்ஜ்' என்றால் பொறுப்பு அவர் தலையில். லத்தி சார்ஜ் என்றால் பாய்ந்து தாக்குவது. அங்கே சுமை முதுகில் விழுகிறது!

போன் சார்ஜ் தீர்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கடன் வாங்கும் இடத்தில் கேட்கும் சார்ஜ் அப்படி அல்ல. 20,000 ரூபாய் கடன் என்பார்கள். கைக்கு வரும்போது குறைந்திருக்கும். கேட்டால் "பிராசசிங் சார்ஜ் அம்மா" என்பார்கள். நாமும் தலையாட்டி விடுகிறோம்.

பிணை இல்லாமல் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் சிறு கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்தது. கடன் தருபவர் ஒரு விவரத் தாள் தர வேண்டும். அந்தத் தாளில் எழுதாத எந்தச் சார்ஜையும் வாங்கக் கூடாது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கடனை முன்கூட்டியே கட்டி முடித்தால் அதற்கு அபராதம் கிடையாது. இது வங்கிகளுக்கும், பதிவு பெற்ற நிதிக் கம்பெனிகளுக்கும் பொருந்தும். கந்து வட்டிக்காரர் எந்தத் தாளும் தரமாட்டார். அது வேறு கதை.

ஆகவே தாளைக் கேட்டு வாங்குங்கள். வட்டி எவ்வளவு, சார்ஜ் எவ்வளவு என்று எழுத்துக் கூட்டி நிதானமாகப் படியுங்கள். வந்தவர் அவசரப்படுத்தினால் அவர் அவசரப்படட்டும்.

அடுத்தது 'சார்ஜ் ஷீட்'. தமிழில் குற்றப்பத்திரிகை. இந்தப் பெயரைக் கேட்டதும் ஊரே அந்த ஆளைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடும். அது தவறு. புலன் விசாரணை முடிந்து போலீசார் நீதிமன்றத்தில் கொடுக்கும் அறிக்கை அது. பழியை ஏற்றுவது போலீசார். அது உண்மையா என்று எடை போடுவது நீதிபதி.

கைதானவர் காவலில் இருந்தால் இந்த அறிக்கைக்குக் கெடு உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். சில தனிச் சட்டங்களில் மட்டும் இது நீளும். கெடுவுக்குள் அறிக்கை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் பெறுவது அவருடைய உரிமை. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தது. இந்த 60, 90 நாள் கெடு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் சிறைக் கதவு தானாகத் திறக்காது. மனுப் போட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் உண்டு. சட்டப்பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய சுமையை இறக்குவதற்கும் ஒரு சொல் இருக்கிறது. அதுதான் 'டிஸ்சார்ஜ்'. பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகும். வழக்கில் போதிய ஆதாரம் இல்லை என்றால் நீதிமன்றம் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்யும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்குப் போகலாம். அப்போது தரும் சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். என்ன நோய், என்ன மருந்து, மறுபடி என்றைக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும்.