தொலைநோக்கியின் கால்கள்

தொலைநோக்கி என்றவுடன் அதன் வில்லைகளைப் பற்றியே பேசுகிறோம். அதைத் தாங்கி நிற்கும் காலைப் பற்றிப் பேசுவோர் அரியர். இன்று அதைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்தில், ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் எழுந்த சென்னை வானாய்வுக் கூடத்தில் கருவியைத் தாங்கிய தூண் அது. எடை ஏறத்தாழ 10 டன். வானைப் பார்க்கும் கருவிக்கு இத்துணைப் பெரிய கல் எதற்கு? கோளை 50 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி, தன் நடுக்கத்தையும் 50 மடங்கு பெரிதாக்கியே காட்டும். ஆகவே தாங்கியின் முதற் கடமை அசையாதிருத்தல்.

இரண்டாவது கடமை, பார்ப்பவர் கண்ணுக்கு இசைந்த உயரம். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், சனிக் கோளைக் காட்டும் இரவுகளில் நான் கண்டது இது. நெடிய பிள்ளைகள் கழுத்து நோகக் குனிவார்கள். சிறு பிள்ளைகள் நுனிக்காலில் நின்று குழாயைப் பற்றுவார்கள். பற்றியதும் கோள் பார்வையை விட்டு ஓடிவிடும். பின்னால் வரிசை காத்திருக்கும். “தெரிகிறதா?” என்றால், “தெரிகிறது, ஐயா” என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். காணாததைக் கண்டேன் என்று சொல்லப் பழகுவதைவிட விஞ்ஞானக் கல்விக்குப் பெருங்கேடு வேறில்லை. அதற்குக் காரணம் பிள்ளையன்று, முக்காலியின் உயரமே.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு மீட்டர் நீளமுள்ள வில்லைத் தொலைநோக்கி, நடுவில் அச்சில் சுழல்கிறது என்று கொள்வோம். அச்சின் உயரம் 150 செ.மீ. குழாய் கிடையாக இருக்கும்போது கண்ணருகு வில்லையும் 150 செ.மீ. உயரத்தில் இருக்கும். வானில் 30 பாகை உயர்ந்த விண்மீனை நோக்கினால் அது 125 செ.மீ.க்கு இறங்கும்; 60 பாகையில் 107; உச்சியில் 100. நீங்கள் வகுப்பில் படிக்கும் சைன் அட்டவணைதான் இதைச் சொல்கிறது. ஓர் இரவிலேயே கண்ணின் இடம் இவ்வளவு மாறுமானால், எந்த ஓர் உயரமும் எல்லோருக்கும் எப்போதும் பொருந்தாது.

இதற்கு வழியை எங்கள் ஆர்.கே.பேட்டை நெசவாளரிடம் கற்கலாம். குழித்தறியைப் பாருங்கள். தறியை எவரும் உயர்த்துவதில்லை; நெய்பவர் கால்களைக் குழியில் இறக்கி அமர்கிறார்; கை பாவின் மட்டத்திற்கு வந்துவிடுகிறது. அதுபோலத் தாங்கியை அசைக்காமல் இருக்கையை மாற்றுங்கள். தச்சரிடம் சொல்லி, இரு மரச் சட்டங்களில் 7 செ.மீ.க்கு ஒன்றாகத் துளையிட்டு, முளை செருகிப் பலகையை வேண்டிய உயரத்தில் நிறுத்துங்கள். முக்காலியின் கால்களை நன்கு அகற்றி, நடுவில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டால் நடுக்கம் குறையும். உச்சி வானைப் பார்க்க, ஒளியைத் திருப்பும் முப்பட்டகம் ஒன்றைப் பொருத்தினால் கழுத்து பிழைக்கும். அமர்ந்து பார்க்கும் கண் அமைதியாகப் பார்க்கும். நுண்ணியவை அதற்கே புலப்படும்.

இளைஞர்களே, தொலைநோக்கியில் ஒன்றும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் ஆசிரியர் பலகையை ஒரு துளை உயர்த்தி வைப்பார்.