கரிசல் மண்ணில் திருநந்தவனம்

(ஆமத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நந்தவனத் திருப்பணி குறித்துப் பேசுமாறு பணித்தபோது, அடியேன் நினைவில் முதற்கண் தோன்றியவர் பெரியாழ்வாரே. நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில், வடபெருங்கோயிலுடையானுக்கு நாள்தோறும் மாலை சாற்றுவதற்கென்றே நந்தவனம் கண்ட பெருந்தகை அவர். அங்கே துளசியின் அடியில்தான் ஆண்டாள் நாச்சியாரைக் கண்டெடுத்தார் என்பது குருபரம்பரை வரலாறு.

சைவத்திலும் இத்தொண்டு உண்டு. சோழநாட்டுத் திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரும் கொய்து தொண்டு புரிந்தார் எனப் பெரியபுராணம் கூறும். ஆனால் அது காவிரி பாயும் நாடு; இது கரிசல் பூமி. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். கோடையில் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

இவ்வேறுபாட்டை மறந்து அடியேன் ஒரு பிழை செய்தேன். பணி ஓய்வுக்குப் பின், ஒரு சிறு சிவாலயத்தில், ஆசை மிகுதியால் இருபதுக்கும் மேற்பட்ட வகைகளை, வகைக்கு ஒன்றிரண்டாக நடச் செய்தேன். மல்லிகைக்கு ஒரு பக்குவம், ரோஜாவுக்கு வேறொரு பக்குவம். ஊராரோ விடிந்ததும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் சென்றுவிடுவர். நீர் வார்ப்பவர் யார்? இரண்டாம் சித்திரையில் எஞ்சியவை அரளியும் நந்தியாவட்டையும் மட்டுமே. இறைவனுக்கு மீண்டும் கடைப்பூ வாங்கினோம். அந்த அரளியே அடியேனுக்கு ஆசிரியர் ஆயிற்று.

நம் மண்ணில் நந்தவனத்துக்கு நான்கைந்து வகை போதும். ஆனால் ஒவ்வொன்றையும் கூட்டமாக நட வேண்டும். ஒரு பாத்தி முழுதும் செவ்வரளி, ஆறடி இடைவெளியில். அடுத்த பாத்தி முழுதும் நந்தியாவட்டை. பெருமாள் சந்நிதி இருப்பின் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் துளசி. அது தன் விதையைத் தானே உதிர்த்து முளைத்துக்கொள்ளும். ஓரத்தில் ஒரு வில்வம், ஒரு பவழமல்லி. இவை வளர்ந்து கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் தரையில் நிழல் விழும். களை குறையும், ஈரமும் விரைந்து வற்றாது. ஒரு பாத்திக்கு ஒரே அளவு நீர் என்பதால் முதியவர் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். பூக்கூடையும் ஓரிடத்தில் நின்றபடியே நிறைந்துவிடும். உதிர்ந்த சருகைக் கூட்டித் தீயிடாதீர்கள். செடியடியில் பரப்பினால் வெடிப்பு குறையும். கோமுகி வழியே வீணாகும் திருமஞ்சன நீரையும் வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பலாம். முதலிரண்டு கோடையில் மட்டும் நீர் தவறலாகாது.

ஓர் எச்சரிக்கை. அரளியின் இலை, பூ, வேர் அனைத்தும் நஞ்சு. ஆடு மாடு மேயும் பக்கத்திலும், சிறார் விளையாடும் இடத்திலும் அதனை நட வேண்டா. வெட்டிய கிளையை எரித்தலும் கூடாது. புகையும் தீங்கு செய்யும்.

வரும் ஐப்பசியில் முதல் மழை இறங்கி மண் குளிர்ந்ததும் நடவைத் தொடங்கலாம். விரற்கனமுள்ள முற்றிய குச்சிகளே போதுமானவை. அடியேன் இல்லத்துக் கொல்லையில் செவ்வரளி செழித்து நிற்கிறது. வேண்டுவோர் அரிவாளோடு வந்து வெட்டிக்கொள்ளலாம்.