மூணு ரூமும் ஒரே அளவு

இந்த எபிசோட் கொஞ்சம் பர்சனல். தக்கலை பக்கம் இருக்கிற எங்க குடும்ப வீட்டை விக்கப் போறோம்.

1974-ல எங்க பாட்டா கட்டின வீடு. பள்ளிக்கூட வாத்தியார், சொந்த சம்பாத்தியம். கொத்தனார் பக்கத்துலயே நின்னு சொல்லிச் சொல்லிக் கட்டினாராம். ஆச்சிக்கு முட்டுவலி, அதனால அடுக்களைப் படி தாழ்வா இருக்கும். குடும்ப ஜெபத்துக்கு எல்லாரும் உட்காரணும்னு முன்னறை மட்டும் பெருசு. கதவெல்லாம் எங்க விளையில நின்ன அயனி மரம்.

புரோக்கர் ஒரே வரியில முடிச்சுட்டார்: "12 சென்ட்டுக்குத்தான் விலை தம்பி. வீட்டை எப்படியும் இடிக்கத்தான் செய்வாங்க."

அது வலிச்சது. ஆனா பெரிய பிரச்சினை வேற. பாட்டாவும் ஆச்சியும் இப்போ இல்லை, உயிலும் இல்லை. வாரிசு மூணு பேர்: அப்பா, சித்தப்பா, அத்தை. அப்பா சொன்னார்: "அவ விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டுருவா. ஸ்ரீதனம் குடுத்துத்தானே கட்டிக் கொடுத்தோம்."

இது பேராசை இல்லைங்க, பழைய சட்டம். நம்ம மாவட்டம் 1956 வரைக்கும் திருவிதாங்கூரோட இருந்தது. அங்க 1916-ல வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்குல கால்வாசி, இல்லன்னா 5,000 ரூபாய். இதுல எது குறைவோ அது. ஸ்ரீதனம் வாங்கிட்டா அதுவும் கிடையாது. மேரி ராய் வழக்குல 1986-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது: 1951-லயே அந்தச் சட்டம் போயிருச்சு, 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும். அதுல மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. சட்டம் போயிருச்சு, வீடுகள்ல பேச்சு மட்டும் போகல.

அத்தைக்கு போன் பண்ணேன். "போடச் சொன்னா போடுவேன் மக்களே. ஆனா என்னைக் கேட்டுட்டு வாங்குங்க" என்றார்.

விளம்பரத்துக்காக வீட்டை டேப் வச்சு அளந்தேன். பிள்ளைங்களுக்குன்னு கட்டின மூணு ரூமும் பத்துக்குப் பதினொண்ணு. ஒரு இஞ்சு வித்தியாசம் இல்லை. அப்போ அத்தைக்குப் பத்து வயசு. பாட்டா உயில் எழுதல. ஆனா பிளான் போட்டிருக்கார்.

அளவு எழுதின பேப்பரை அப்பாகிட்ட கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார், ஒண்ணும் சொல்லல. மறுநாள் அவரே அத்தையைக் கூப்பிட்டார்: "விலை பேச நீயும் வா பிள்ளே."

உங்க வீட்லயும் விற்கிற பேச்சு வந்தா, விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: கையெழுத்து போடுற எல்லாருக்கும் பங்கு போகுதா?