கண்ணால் கண்டதும் ஓர் அமானிதமே

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் சமாதானமும் எம்பெருமானார் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், நம் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின், இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து ஒரு கேள்வி கேட்டார். "உஸ்தாத், மிளா இறைச்சி ஹலாலா? பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததாகத்தான் கொடுத்தவர்கள் சொன்னார்கள்." "எங்கிருந்து கிடைத்தது தம்பி?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலைகுனிவிலேயே பாதி பதில் இருந்தது. மீதிப் பதிலை அவருக்கு மட்டும் சொல்லாமல், நம் எல்லாருக்குமாக இன்று சொல்ல விரும்புகிறேன்.

வேட்டை ஒரு சோதனை

மான் இனம் அதன் இயல்பில் உண்ண ஆகுமானதே. இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அல்மாயிதா அத்தியாயத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு விசுவாசிகளுக்குக் கட்டளையிடும் முதல் வசனமே, இஹ்ராம் அணிந்த நிலையில் வேட்டையை ஆகுமாக்கிக்கொள்ளலாகாது என்றும் எச்சரிக்கிறது. ஒப்பந்தத்தைப் பேணுவதும் வேட்டையில் அடக்கம் காப்பதும் ஒரே வசனத்தில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

அதே அத்தியாயத்தில், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளை வரச்செய்து அல்லாஹ் சோதிப்பான் என்றும், யாரும் காணாத இடத்திலும் அவனை அஞ்சுகிறவர் யார் என்பது அதனால் வெளிப்படும் என்றும் சொல்லப்படுகிறது. இஹ்ராமில் வேண்டுமென்றே வேட்டையாடியவர் ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஈட்டை நீதியுடைய இருவர் தீர்மானிக்க வேண்டும். குற்றம், விசாரணை, தண்டம் ஆகிய மூன்றும் அங்கே வகுக்கப்பட்டுவிட்டன. நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடுவதைத் தடுத்தார்கள். பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். ஆகவே, காட்டுயிரைக் காப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த புதுக் கருத்தன்று.

சட்டம் இருக்கிறது

நம் குமரி மாவட்டத்தை அல்லாஹ் எவ்வளவு அருளோடு அமைத்திருக்கிறான்! வடக்கே யானையும் புலியும் மிளாவும் தேவாங்கும் வாழும் மலைக்காடு. 400 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு வனவிலங்குச் சரணாலயமாக உள்ளது. கீழே நாஞ்சில் நாட்டின் குளங்கள். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, உலகம் மதிக்கும் நீர்நிலைகளாயின. தெற்கே கடல்.

இவற்றைக் காக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்தை வேட்டையாடினாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ, குறைந்தது 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. 2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அக்குற்றங்களுக்கான குறைந்தபட்ச அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது. சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட விலங்கும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து என்றும் அச்சட்டம் கூறுகிறது. அப்படியானால், அந்த இளைஞர் வாங்கியது பொதுச்சொத்திலிருந்து திருடப்பட்ட பொருள். திருட்டுப் பொருளின் மீது பிஸ்மில்லாஹ் சொல்வதால் அதில் நமக்கு உரிமை வந்துவிடுமா?

வழக்கு எங்கே தளர்கிறது?

அருமைச் சகோதரர்களே! இத்தனை கடுமையான சட்டம் இருந்தும் வேட்டை ஏன் நிற்கவில்லை? வனத்துறைப் பணியிலும் வழக்காடு மன்றத்திலும் உள்ள சிலரிடம் விசாரித்துப் பார்த்தேன். அவர்கள் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குற்றம் நடப்பது இரவில், ஆளில்லாக் காட்டில். சுருக்குக் கம்பியோ நாட்டுத் துப்பாக்கியோ வேலையை முடித்துவிடும். விடிவதற்குள் தோல் புதைக்கப்படும். இறைச்சி சட்டிக்குள் போய்விடும். காட்டைச் சுற்றி வருபவர்களோ வனக்காவலர்களும், குறைந்த ஊதியத்தில் உயிரைப் பணயம் வைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும்தாம். அவர்கள் ஒரு பொட்டலம் இறைச்சியைக் கைப்பற்றினாலும், அது ஆட்டிறைச்சி அன்று, மிளா இறைச்சிதான் என்று நிரூபிக்க வேண்டும். முத்திரையிட்ட மாதிரியை ஹைதராபாத், டேராடூன் போன்ற இடங்களிலுள்ள மரபணு ஆய்வகங்களுக்கு அனுப்பி அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். முத்திரையில் ஒரு குறை, கையெழுத்தில் ஒரு குழப்பம் இருந்தால் அந்தச் சான்று வலுவிழந்துவிடும்.

அடுத்தது விசாரணை. காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் வழக்கைப் போன்றதன்று இது. வன அதிகாரி நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்க, கடுமையான குற்றங்களில் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே சாட்சிகளை ஒருமுறை விசாரிப்பார்கள். குற்றச்சாட்டு வனைந்த பின் அதே சாட்சிகள் குறுக்கு விசாரணைக்காக மீண்டும் வரவேண்டியிருக்கும். இடையிலே வாய்தா மேல் வாய்தா. நாள் கூலிக்காரர் ஒருவர் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலில் நிற்பார்? குற்றவாளியோ அதே ஊர்க்காரர். சில வேளை உறவினர். மகஜரில் கையெழுத்திட்டவரே பின்னர் கூண்டில் ஏறி, "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிப் பிறழ் சாட்சியாகிறார். வழக்கு அங்கேயே சாய்ந்துவிடுகிறது.

இரண்டு பாடங்கள்

ஒரு சாட்சியின் மதிப்பை உணர்த்த ராஜஸ்தானில் நடந்ததைச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு ஜோத்பூர் அருகே மான்களை வேட்டையாடியதாக நடிகர் சல்மான் கான் மீது பல வழக்குகள் தொடரப்பட்டன. சிங்காரா மான் வழக்குகளில், வேட்டைக்குச் சென்ற வாகனத்தின் ஓட்டுநர் குறுக்கு விசாரணைக்குக் கிடைக்கவில்லை. 2016ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளிமான் வழக்கிலோ, நேரில் கண்டதாகச் சொன்ன பிஷ்னோய் சமூகத்துக் கிராம மக்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தங்கள் சாட்சியில் உறுதியாக நின்றார்கள். 2018 ஏப்ரல் 5ஆம் நாள் கீழமை நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்து பிணையில் வந்தார். இறுதித் தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. நமக்குரிய பாடம் இது: சாட்சி வராத வழக்கு விழுந்தது, சாட்சி நிலைத்த வழக்கு நின்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு முஸ்லிம் பெயர் இருப்பதால் நம் தராசு சாயவும் கூடாது. தாய் தந்தையர், உறவினர், ஏன், தமக்கே எதிராக இருந்தாலும் நீதிக்காகச் சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது.

இன்னொன்று நம் அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்தது. 2015ஆம் ஆண்டு, மலையாற்றூர்க் காட்டுப் பகுதியில் யானை வேட்டைக்காரர்களோடு சென்றிருந்த ஒருவர், மனம் உறுத்தி, தாமே வன அலுவலகம் சென்று நடந்ததைச் சொன்னார். முதலில் அவர் சொல்லை எல்லாரும் நம்பிவிடவில்லை. ஆனால் அந்த ஒரு மனிதரின் வாக்குமூலத்தைத் தொடர்ந்து சென்றபோது, தந்தக் கடத்தலின் வலை திருவனந்தபுரம் வழியாக டெல்லி வரை நீண்டது. அங்கே 400 கிலோவுக்கும் மேற்பட்ட தந்தம் பிடிபட்டது. எழுபதுக்கும் மேற்பட்டோர் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். எத்தனையோ பேர் கண்டும் காணாமல் இருந்த இடத்தில் ஒருவரின் தவ்பா பேசியது!

என் தவறு

ஜமாஅத்தார்களே! பிறருக்குச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இமாமத் செய்தேன். ரப்பர் பால் வெட்டும் பெரியவர் ஒருவர் சுபுஹுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். ஒருநாள் வெடிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர், மிளாவைத் தூக்கிச் சென்றவர்களை நேருக்கு நேர் கண்டுவிட்டார். வனத்துறையினர் அவரைச் சாட்சியாக அழைத்தார்கள். அவர் என்னிடம் வந்து, "உஸ்தாத், சொல்லவா வேண்டாமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காக்கா, பெண் பிள்ளைகள் உள்ள வீடு. நமக்கு எதற்கு வம்பு? பொறுமையாக இருந்துவிடுங்கள்" என்றேன். அவர் பேசவில்லை. வழக்கு நிற்கவில்லை. அடுத்த கோடையில் அதே தோட்டத்தில் மீண்டும் வெடிச் சத்தம் கேட்டதாக அவரே வந்து சொன்னார். அதன்பின் அவர் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்று அல்பகரா அத்தியாயம் சொல்வதை மதரஸாவில் ஓதியவன் நான். மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்தவனும் நான். கோழைத்தனத்துக்குப் பொறுமை என்று பெயரிட்டுவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

ஜமாஅத்தின் கடமை

அந்தப் பெரியவரின் அச்சம் பொய்யானதன்று. ஆகவே "சாட்சி சொல்" என்று கட்டளையிட்டுவிட்டு மிம்பரிலிருந்து இறங்கிவிடுவது நியாயமாகாது. சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது என்று கூறும் அதே வசனம், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படலாகாது என்றும் கூறுகிறது. முதற் பாதி தனிமனிதரின் கடமை. பிற்பாதி ஊரின் கடமை.

எனவே நான் வேண்டுவது இவைதாம். நம்மில் ஒருவர் இத்தகைய வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டால், ஜமாஅத் நிர்வாகிகள் இருவர் அவரோடு நீதிமன்றம் செல்ல வேண்டும். அன்றைய கூலியை பைத்துல்மாலிலிருந்தோ வசதியுள்ளவர்களின் நன்கொடையிலிருந்தோ ஈடுசெய்ய வேண்டும். மிரட்டல் வந்தால் சாட்சிப் பாதுகாப்புக்கு விண்ணப்பிக்கத் துணைநிற்க வேண்டும். 2018ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் அதற்கான திட்டத்தை ஏற்று நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சொல்லி, மலையில் வாழும் ஏழைப் பழங்குடி மகனை மாட்டிவிடுவது பொய்ச் சாட்சியாகும், அது பெரும்பாவம்.

தாய்மார்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வரும் பொட்டலத்தில் இருப்பது மிளாவா, குளத்துக் கொக்கா என்று கேளுங்கள். பதில் இல்லாத இறைச்சிக்கு அடுப்பு மூட்டாதீர்கள். வாங்கும் சட்டி இல்லையென்றால் சுருக்குக் கம்பிக்கு வேலையில்லை. அத்தர் வியாபாரம் செய்யும் சகோதரர்களே! அம்பர் என்று யாரேனும் மறைவாகக் கொண்டுவந்தால், திமிங்கலத்திலிருந்து கிடைக்கும் அப்பொருளின் வணிகம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அந்த இளைஞருக்கு நான் தந்த பதில் இதுதான்: "தம்பி, இனி அதை வாங்காதீர். வாங்கியதற்குத் தவ்பா செய்யும். விற்றவர் யாரென்று அதிகாரிகள் கேட்டால் உண்மையைச் சொல்லும். நான் உம்மோடு வருகிறேன்." முன்பு ஒருமுறை சொல்லத் தவறியதை இம்முறை சொல்ல அல்லாஹ் வாய்ப்பளித்தான். அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ்! பேச இயலாத உன் படைப்புகளுக்காகப் பேசும் துணிவை எங்கள் நாவுகளுக்குத் தருவாயாக! யாரும் காணாத இடத்திலும் உன்னை அஞ்சும் உள்ளத்தைத் தருவாயாக! உண்மை சொல்பவரைத் தனித்து விடாத ஜமாஅத்தாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.