ஆலோசகருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் நிதி ஆலோசகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். "தினமும் காலையில் லேப்டாப் பையோடு கிளம்புகிறீர்கள், எந்தக் கம்பெனி?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தலைவர் அதையே தலைப்பாகக் கொடுத்துவிட்டார்.

நான் எந்தக் கம்பெனியிலும் இல்லை. செபியில் பதிவு செய்துகொண்டு, தனியாகத் தொழில் செய்யும் முதலீட்டு ஆலோசகர். பெருங்குடியில் ஒரு கோவொர்க்கிங் இடத்தில் ஒரு மேஜையும் பூட்டு போட்ட ஓர் அலமாரியும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மாதம் 8,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வாடிக்கையாளர் வரும்போது மட்டும் மீட்டிங் ரூமை மணிக்கணக்கில் எடுத்துக்கொள்வேன். இன்டர்நெட், காபி, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"மூன்று பெட்ரூம் வீடு இருக்கிறது, அங்கேயே செய்தால் வாடகை மிச்சம்தானே?" என்று கேட்பீர்கள். மிச்சம்தான். ஆனால் என்னிடம் வருபவர்கள் கடனைப் பற்றிப் பேச வருகிறார்கள். அப்பாவின் சொத்தில் தம்பியோடு தகராறு, மகனுக்கு வேலை போய்விட்டது, கிரெடிட் கார்டு பாக்கி ஏறிவிட்டது, இப்படி. வீட்டுக்கு வந்தால் கேட்டில் பெயர் எழுத வேண்டும், லிஃப்டில் நான்கு பேர் பார்ப்பார்கள், ஹாலில் என் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். தன்னை யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில்தான் மனிதர்கள் பணத்தைப் பற்றி மனம் விட்டுப் பேசுகிறார்கள்.

அதே சமயம் கோவொர்க்கிங் இடம் பொது இடம். மீட்டிங் ரூம் கண்ணாடிச் சுவர், அதனால் லேப்டாப் திரை வெளியே தெரியாதபடி உட்காருவேன். போனில் யாருடைய தொகையையும் மேஜையில் இருந்தபடி சொல்ல மாட்டேன். அங்குள்ள பிரின்டர் தட்டில் முன்பின் தெரியாத ஒருவரின் சம்பளச் சீட்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் காகிதம் எதையும் நான் அங்கே பிரின்ட் எடுப்பதில்லை. நீங்கள் யாரிடமாவது ஆலோசனைக்குப் போனால் இதையும் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவரின் கதையை உங்களிடம் சொல்பவர், உங்கள் கதையை அடுத்தவரிடம் சொல்வார்.

முதல் முறை வருபவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். வாசலில் என் பெயர்ப் பலகை இல்லை, பக்கத்து மேஜையில் யாரோ ஆப் தயாரிக்கிறார்கள். "நாளைக்கு இவர் காலி செய்துகொண்டு போய்விட்டால்?" நியாயமான கேள்வி. பளபளப்பான அலுவலகம் வைத்திருந்த ஃபைனான்ஸ் கம்பெனிகளிடம் சேமிப்பை இழந்த குடும்பங்கள் சென்னையில் ஏராளம். அதனால் கட்டடம் பாதுகாப்பு ஆகாது. உங்கள் முதலீட்டுப் பணம் ஆலோசகர் கைக்கே வரக்கூடாது, அதுதான் பாதுகாப்பு. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஃபண்டுக்குப் போகிறது, ஃபோலியோ உங்கள் பெயரில் இருக்கிறது. நான் நாளையே கடையைச் சாத்தினாலும் முதலீடு உங்களுடையதாகவே இருக்கும்.

அடுத்த கேள்வி முக்கியமானது. ஆலோசனை சொல்பவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஃபண்ட் கம்பெனி கமிஷன் கொடுக்கிறது. இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கிறது. வங்கியில் உங்களைக் கவனித்துக்கொள்ளும் மேனேஜருக்கு விற்பனை இலக்கு இருக்கிறது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பி, நாமினி மாற்றி, க்ளெய்முக்கு அலையும் ஏஜென்டுகளை எனக்குத் தெரியும். ஆனால் "எதுவும் வாங்க வேண்டாம்" என்று சொன்னால் அவர்களுக்கு வருமானம் இல்லை. எனக்குக் கட்டணம் கொடுப்பது வாடிக்கையாளர் மட்டுமே. அவருக்கு எதையும் விற்றுக் கமிஷன் வாங்க எனக்கு அனுமதி கிடையாது.

2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் இருக்கிறது. பல பங்குத் திட்டங்களில் ரெகுலர் பிளானுக்கும் டைரக்டுக்கும் ஆண்டுச் செலவில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை வித்தியாசம் வரும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 20 லட்சம் ரூபாய், 15 வருடம். ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் 83.5 லட்சம். 9 சதவீதம் என்றால் சுமார் 72.8 லட்சம். ஒரு சதவீதம் பத்தரை லட்சத்துக்கு மேல் தின்றுவிடுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் முதலீடு 5 லட்சம் என்றால் ஒரு சதவீதம் வருடத்துக்கு 5,000 ரூபாய்தான். அதைச் சேமிக்க 25,000 ரூபாய் கட்டணம் கொடுத்து ஆலோசகரிடம் போவதில் அர்த்தம் இல்லை. ஒரு டேர்ம் பாலிசி, மருத்துவக் காப்பீடு, பிபிஎஃப், ஆறு மாதச் செலவுக்கு வங்கியில் பணம், இவ்வளவு இருந்தால் இளம் குடும்பத்துக்கு நல்ல தொடக்கம்.

போன மாதம் பார்க்கில் நடக்கும்போது நம் பிளாக் மாமா ஒருவர் நிறுத்தினார். அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். ஓய்வுப் பணத்தில் பெரும் பகுதியை ஒரு பாலிசியில் போடச் சொல்கிறார்கள், வருடா வருடம் கட்ட வேண்டும். அவருக்கு வயது 67. நான் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்தேன்: இரண்டாம் வருடம் கட்ட முடியாவிட்டால் எவ்வளவு திரும்பும்? நடுவில் ஆபரேஷன் வந்தால் பணத்தை எடுக்க முடியுமா? இதில் உங்கள் கமிஷன் எவ்வளவு? மூன்றாவதற்குப் பதில் வரவே இல்லையாம். இதே நிலையில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பாலிசி ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறிய பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும்.

ஆலோசகரிடம் போகிறவர்கள் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

1. செபி பதிவு எண். ஆலோசகர் என்றால் அது ஐஎன்ஏ என்று தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஆர்என் எண் என்றால் அவர் விநியோகஸ்தர்.

2. கையெழுத்திட்ட ஒப்பந்தம். அது இல்லாமல் கட்டணம் வாங்கக்கூடாது.

3. கட்டணத்தை ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்தான் உச்சவரம்பு.

4. உங்கள் வயது, கடன், பொறுப்புகளைக் கேட்காமலே திட்டத்தின் பெயரைச் சொல்கிறாரா?

5. லாபத்துக்கு உத்தரவாதம் தருகிறாரா? தந்தால் நம்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நம் குடியிருப்பில் யாரையும் நான் வாடிக்கையாளராக எடுத்துக்கொள்வதில்லை. இன்று உங்கள் கடன் கணக்கைப் பார்த்துவிட்டு, நாளை பார்க்கிங் விஷயத்தில் உங்களோடு வாதாட என்னால் முடியாது. உங்களுக்கும் லிஃப்டில் என்னைப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். ஆனால் நீங்கள் பேசும் ஆலோசகரின் பதிவு எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்று காட்டுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. போனை எடுத்துக்கொண்டு வாருங்கள், இரண்டு நிமிட வேலை. இதற்குக் கட்டணமும் கிடையாது.