"அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லுமுன்

வழமையாக வரிக் கணக்கோடு வருகிற நான் இன்று வேறொரு விடயத்தோடு வந்திருக்கிறேன்.

வயதான தாய் தன் சேமிப்பிலிருந்து ஊர்க் கோயில் திருப்பணிக்கு 2000 பவுண் அனுப்பவேணும் என்கிறா. மகனுக்கு விருப்பமில்லை. "அம்மாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது, வங்கிக் கணக்கை நான் பொறுப்பெடுக்கலாமோ?" இப்படியான கேள்விகள் என் மேசைக்கு அடிக்கடி வரும்.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் உண்டு. 2007இல் நடைமுறைக்கு வந்தது. வளர்ந்த எவருக்கும் முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே தொடங்கவேண்டும்; இல்லை என்பவர்தான் அதைக் காட்டவேண்டும். முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பது மட்டும் அத்தாட்சி ஆகாது. கோயிலுக்குக் காசு அனுப்புவது எந்த வருத்தத்தின் அறிகுறியும் அல்ல!

மூளையிலோ மனத்திலோ பாதிப்பு இருந்து, அதனால் குறித்த அந்த முடிவுக்கான விபரத்தை விளங்கவோ, முடிவெடுக்கும்வரை நினைவில் வைத்திருக்கவோ, சீர்தூக்கிப் பார்க்கவோ, ஏதாவதொரு வழியில் தெரிவிக்கவோ முடியாவிட்டால்தான் திறன் இல்லை என்பார்கள். குறித்த அந்த முடிவு, அந்த நேரம். வீடு விற்பதை விளங்காதவர் எங்கே வசிக்க விருப்பம் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். காலையில் தெளிவாக இருப்பவரை மாலையில் சோதிக்கக்கூடாது. வைத்தியசாலையில் "பிரதமர் யார்?" என்று கேட்பது நினைவுப் பரிசோதனை, அது வேறு.

எங்கள் ஆட்களுக்கு மொழிதான் பெரிய வில்லங்கம். ஆங்கிலம் விளங்காதது மனத்திறன் இன்மை அல்ல. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். காசில் அக்கறையுள்ள மகனே மொழிபெயர்ப்பது சரியல்ல. இன்னொன்று: விசாரணை என்றாலே வாயை மூடிக்கொள்ளப் பழகியவர்கள் எங்கள் பெரியவர்கள். கோப்போடு ஓர் அதிகாரி முன்னால் இருந்தால் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தை மறதி என்று எழுதிவிடக் கூடாது.

திறன் இருக்கும்போதே 'லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டோர்னி' எழுதி வைப்பது நல்லது. சொத்து, பணத்துக்கு ஒன்று, சுகநலத்துக்கு மற்றொன்று. குடும்பத்தவர் அல்லாத ஒருவர், எழுதுபவர் விளங்கித்தான் எழுதுகிறார், வற்புறுத்தல் இல்லை என்று சான்று தரவேண்டும். பிறகு பதிவு செய்யவேண்டும். சாதாரண அற்றோணித் தத்துவம் இதற்கு உதவாது. எழுதியவர் திறனிழந்தால் அதுவும் செல்லாது. இரண்டும் இல்லாமல் திறன் போனபின், கணவன் மனைவியானாலும் மற்றவரின் தனிக் கணக்கைத் தொட நீதிமன்றம் போகவேண்டி வரலாம். காசும் மாதங்களும் செலவாகும்.

அந்த மகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "ஏன் அனுப்பவேணும் என்று அம்மாவிடம் ஆறுதலாகக் கேட்டனீங்களோ?"

படிவங்களை நிரப்பும் முறையை அடுத்த மாதம் பார்ப்போம்.