உஸ்பெக்கிஸ்தானுக்குப் புறப்படுமுன்



நம் தோட்டத்து மக்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றாலே ஒரு காலத்தில் நாகப்பட்டினம் போகும் கப்பல்தான். இன்று அப்படியில்லை. கூட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்திலும், பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தரும் பணத்திலும் குடும்பத்தோடு விமானம் ஏறுகிறோம். அவ்வாறு போகிற நாடுகளில் ஒன்று மத்திய ஆசியாவிலுள்ள உஸ்பெக்கிஸ்தான். அதன் தலைநகரான தாஷ்கண்டின் பெயர் பெரியவர்களுக்குப் புதிதல்ல. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 11-ஆம் நாள் காலமானது அந்த நகரில்தான்.

பல ஆண்டுச் சேமிப்பை ஒரு வாரத்தில் செலவழிக்கப் போகிறோம். ஆகவே புறப்படுமுன் கவனிக்க வேண்டியவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் கடப்பிதழ். 2018 பிப்ரவரி 10 முதல் மலேசியக் குடிமக்கள் விசா இல்லாமல் அந்நாட்டில் 30 நாட்கள் வரை தங்கலாம். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் சிவப்பு அடையாள அட்டையுடன் வாழும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் மலேசியக் குடிமக்கள் அல்லர். இந்தச் சலுகை அவர்களுக்குக் கிடையாது. எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டு, பாட்டியை மட்டும் விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போகும் நிலை வரக்கூடாது. அவரிடம் எந்த நாட்டுக் கடப்பிதழ் இருக்கிறதோ, அதற்குரிய விதியைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது மருந்து. நம் குடும்பங்கள் மிகவும் அலட்சியமாக இருப்பது இதில்தான் என்பது நமது எண்ணம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளையெல்லாம் உறையிலிருந்து கொட்டி, பழைய மைலோ டின்னில் ஒன்றாகப் போட்டு எடுத்துப் போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. உஸ்பெக்கிஸ்தான் சுங்கத்தில் இது ஆபத்து. இங்கே மருத்துவர் சாதாரணமாக எழுதித் தரும் சில மருந்துகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் முதுகு வலியோடு இருப்பவர்களுக்குத் தரப்படும் டிராமடால், சில வகை இருமல் மருந்திலுள்ள கோடீன், தூக்கத்துக்குத் தரப்படும் டயசெபாம் ஆகியவை அப்படிப்பட்டவை. ஆகவே, மருத்துவரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே போய், "இந்த நாட்டுக்குப் போகிறேன், இதற்குப் பதிலாக வேறு மருந்து உண்டா?" என்று கேட்கவேண்டும். மற்ற மருந்துகளை அதனதன் அட்டையோடும் உறையோடும் வைத்து, நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்து, கைப்பையில் வைக்கட்டும். பெட்டி தொலைந்தால் சேலையை வாங்கிக்கொள்ளலாம். இன்சுலினை அப்படி வாங்க முடியாது.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள், கேமரன் மலைக்குப் போட்ட சுவெட்டர் போதுமென்று நினைக்கக்கூடாது. அந்தப் பருவத்தில் அங்கே இரவில் நீர் உறைகிற குளிர். ஒரே தடித்த சட்டையைவிட, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடைகள் போடுவது மேல். காற்று வறண்டிருப்பதால் உதடும் குதிகாலும் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு சிறு போத்தல் கைகொடுக்கும். கோடையோ இதற்கு நேர்மாறு. ஜூன் 25 முதல் ஆகஸ்டு 5 வரையுள்ள சுமார் 40 நாட்களை அந்த மக்கள் 'சில்லா' என்கிறார்கள். வெப்பம் 40 டிகிரியைத் தொடும். நம் ஊர் வெயில்போல் வியர்த்துக் கொட்டாததால், உடம்பில் நீர் குறைவது தெரியாது. ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் முதியவர்களுக்கு ஏற்றவை.

பணத்தை அமெரிக்க டாலராக, கிழிசலும் மையும் இல்லாத புதிய நோட்டுகளாகக் கொண்டு போகலாம். நம் வெள்ளியை அங்கே மாற்றுவது சிரமம். அவர்கள் பணம் சோம். ஒரு டாலருக்கே பத்தாயிரம் சோமுக்கு மேல் கிடைப்பதால், கட்டுக்கட்டாகப் பணத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். 2017-க்கு முன்பு வங்கியில் ஒரு விலை, தெருவில் ஒரு விலை என்று இருந்தது. இப்போது அந்த வித்தியாசம் இல்லை. ஆகவே தெருவில் மாற்றி ஏமாறவும் காரணம் இல்லை.

போய்ச் சேர்ந்த மூன்று நாட்களுக்குள் தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். விடுதியில் தங்கினால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். பதிவுச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கடப்பிதழோடு வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர்தான் பதிவு செய்ய வேண்டும். இரவு ரயிலில் போனால் அந்த டிக்கெட்டையும் எறிந்துவிடக் கூடாது.

சாப்பாட்டில், மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'பலாவ்' என்ற அவர்களுடைய சோற்றில் ஆட்டிறைச்சியும் இருக்கலாம், மாட்டிறைச்சியும் இருக்கலாம். 'மோல் கோஷ்தி' என்றால் மாடு, 'கூய் கோஷ்தி' என்றால் செம்மறியாடு. இறைச்சியே வேண்டாதவர்கள் 'கோஷ்த்சிஸ்' என்று சொல்லலாம். ஆனாலும் காய்கறிச் சூப்பு இறைச்சிச் சாற்றில் கொதித்திருக்கக்கூடும். சைவர்கள் ரொட்டி, தயிர், பழம், கொட்டைகளை நம்பலாம். வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் எடுத்துப் போகலாம். ரொட்டியை அவர்கள் 'நான்' போன்ற ஒலியில் 'நோன்' என்கிறார்கள். அதைக் கவிழ்த்து வைப்பதை மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். எங்கும் கிடைக்கும் சூடான பச்சைத் தேயிலைதான் வயிற்றுக்கு நல்லது.

ஒரு வாரத்தில் எல்லா ஊரையும் பார்க்க ஆசைப்படாமல் இருப்பது நல்லது. தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு அதிவேக ரயில் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். டிக்கெட் விரைவில் விற்றுத் தீர்ந்துவிடுவதால் முன்கூட்டியே வாங்க வேண்டும். கீவா நகரமோ தாஷ்கண்டிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். முழங்கால் வலி உள்ளவர்களை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவெடுக்கலாம். பள்ளிவாசல்களிலும் சமாதிகளிலும் பெண்கள் தலையை மூடிக்கொள்ள ஒரு துண்டு வைத்திருக்கட்டும்.

கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் செருகி நம்முடையது மூன்று கால். அங்கே இரண்டு உருண்டைக் கால். மாற்றுச் செருகியை இங்கேயே வாங்கிவிடலாம். கடிகாரம் அங்கே மூன்று மணி நேரம் பின்தங்கும். அங்கே இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேச நினைத்தால், இங்கே நள்ளிரவு ஒரு மணி. விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அப்போதுதான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள்.